அண்ணிக்குக் கொஞ்சம்

என்னிடம் ரத்தம் கொடுத்தவர்கள் யாரும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. அவ்வளவு பக்குவமாகக் குத்துவேன். நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள், டாக்டர்.

கர்ப்பிணிகளின் ரத்தத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோனை அளப்பது என் வேலை. சிலருக்கு அளவு எகிறிவிடும், சிலருக்கு அடிமட்டத்தில் கிடக்கும். முக்கால்வாசிப் பேர் கல்லுக்குண்டு மாதிரிப் பிள்ளை பெற்று, தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். ஆனால் அதுவரை அவர்கள் படும் பாடு இருக்கிறதே. சோறு இறங்காது, தூக்கம் வராது, என் ஜன்னல் முன்னால் நின்று அழுவார்கள். "ஒண்ணும் இருக்காதும்மா, போங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. பிறகு சொல்லவே தெம்பில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எகிறியவளின் குழாயிலிருந்து கொஞ்சம் சீரம், ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர், எடுத்து, குறைந்தவளின் குழாயில் விடுவேன். எடுத்த இடத்தில் உப்புநீர். மிஷின் இரண்டையும் நடுவாந்திரமாகக் காட்டும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

நாங்கள் எல்லோரும் ஏங்கிக் காத்திருந்த பிறகுதான் அண்ணி உண்டானாள். அவளுடைய அளவு தரைதட்டியிருந்தது. அண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி. வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, "என்னடி, பயப்படற மாதிரி ஏதாவது?" என்றான்.

"போண்ணா, உன் மூஞ்சியப் பாத்தாதான் பயமா இருக்கு."

அன்று வந்த துணிக்கடைக்காரி ஒருத்திக்கு அளவு கூரையைத் தொட்டிருந்தது. அவளிடமிருந்து அண்ணிக்குக் கொஞ்சம் விட்டேன். வழக்கத்தைவிடத் தாராளமாகவே. சொந்தமாயிற்றே.

குறைவு என்று தெரிந்திருந்தால் அடிக்கடி ஸ்கேன் பார்த்து, முன்கூட்டியே குழந்தையை எடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். எட்டாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. மூக்கு அப்படியே அண்ணன் மூக்கு. "ரிப்போர்ட் நல்லாத்தானே இருந்துச்சு, உனக்குத் தெரியும்ல" என்று என் மடியில் படுத்துதான் அண்ணி அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது.

ஃப்ரீசரில் மிச்சமிருந்த அவளுடைய சீரத்தில் இரண்டு பேர் ரத்தம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆமாம், நான்தான் கலந்தேன். இன்னும் எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள், நினைவில்லை. மிகவும் அசதியாக இருக்கிறது.

அண்ணி மறுபடி உண்டாகியிருக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டாள். நாளைக்குப் பரிசோதனைக்கு வருகிறாள். அவளுடைய குழாயை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் எதையாவது சொல்லி அவளைப் பயமுறுத்திவிடுவார்கள்.