“நட்டை விடுங்க” என்று என் கணவர் சொன்னது பற்றி

இதைச் சொல்லும்போது அறையில் இருந்தவர்கள்: ஆய்வாளர், எழுத்தர், பெண் காவலர், நான். என் கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் பட்டறையில் பிட்டர் வேலை பார்ப்பவரின் மனைவி, வயது நாற்பத்திரண்டு, ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூன்றாம் மாடி. பள்ளிக்கூடம் ஐந்தாவது வரை. மற்றது நானாகப் படித்தது.

என் கணவர் இயந்திரங்களின் கூம்புத் தண்டுகளில் பேரிங் ஏற்றுபவர். கை எப்போதும் எண்ணெயாக இருப்பதால் அளவுகளைப் போனில் சொல்வார், நான் சமையலறை நோட்டில் எழுதுவேன். பதினோரு வருடமாக இப்படித்தான்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை 11.10க்குப் போன் வந்தது. ஹைட்ராலிக் நட்டைப் பம்பால் அழுத்தி பேரிங்கை ஏற்றியாகிவிட்டது, டயல் முள் எண்பது என்றார். எழுதினேன். அதன்பின், தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே செலுத்திய எண்ணெய் வடிய இருபது நிமிடம் ஆகும், 11.30 வரை நட்டைத் தொடக்கூடாது என்றார். அதையும் எழுதினேன். முன்னாலேயே கழற்றினால் பேரிங் வழுக்கித் திரும்பி வந்துவிடும். அந்த நேரம் முழுக்க அவர் போனை அணைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், நான் ஜபமாலை உருட்டுவேன். ஒரு சுற்றுக்கு நூற்றெட்டு மணி, சரியாக இருபது நிமிடம்.

அதன்பின் மேஸ்திரியின் குரல் கேட்டது. “என்னய்யா, பேரிங்குக்குத் தாலாட்டா? மதியத்துக்குள்ள மெஷின் ஓடணும்.”

“வீட்டுக்காரிதான் மணி பாக்குறா. அவ சொல்லாம நான் சோத்துக்கே உக்கார மாட்டேன்” என்றார் என் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

அதன்பின் பக்கத்தில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் என் கணவர், “நட்டை விடுங்க மேஸ்திரி, இன்னும் பன்னெண்டு நிமிஷம் கிடக்கு” என்றார். கடிகாரத்தில் 11.18. ஜபமாலையில் நாற்பத்து மூன்றாவது மணி. அதன்பின் இரும்பு விழுந்த சத்தமும் மேஸ்திரியின் அலறலும் கேட்டன. “விடத்தானேய்யா சொன்னேன், கழட்டச் சொல்லலியே!” என்று என் கணவர் கத்தினார்.

மேஸ்திரிக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. என் கணவர் மீது கவனக்குறைவு என்று வழக்கு. வேலை அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

‘விடுங்க’ என்று என் கணவர்தான் சொன்னார் என்பது மேஸ்திரியின் புகார். அது உண்மை, மேஸ்திரி பொய் சொல்லவில்லை. பட்டறையில் அழுத்தத்தை ‘விடு’ என்றால் திறந்துவிடு, அப்படி நினைத்துத்தான் மேஸ்திரி நட்டைக் கழற்றிவிட்டார். எங்கள் வீட்டில் ‘விடு’ என்றால் தொடாதே. கிரைண்டர் சத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் என்றது மேஸ்திரியின் காதில் விழுந்திருக்காது. போன் என் கணவரின் வாய்க்குக் கீழே இருந்ததால் எனக்கு விழுந்தது. மேஸ்திரியின் கைக்காகவும் தினமும் ஒரு சுற்று உருட்டுகிறேன்.

“புருஷனுக்காக எதையும் சொல்வீங்க” என்றார் ஆய்வாளர். “பொய் சொல்லணும்னா அந்த ‘விடுங்க’வையே விழுங்கியிருப்பேனே சார்” என்றேன். நோட்டின் அறுபத்து நான்காம் பக்கத்தை ஒப்படைத்தேன். பேனாவில் எழுதியது, அடித்தல் திருத்தல் இல்லை.

எழுத்தர் படித்துக்காட்டினார், சொன்னது சொன்னபடி இருக்கிறது. கடவுள் அறிய இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. கையெழுத்திட்டேன்.

என் கணவர் மீது தவறு உண்டா இல்லையா என்பதைச் சீக்கிரம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.