அலிக்கின் படகுக்குப் போன வார்த்தை

ஹலோ... ஹலோ, அலிக்? நான்தான்டா, ரோனா அக்கா. அபர்தீன்லதான் இருக்கேன், ஆபீஸ்ல... ஆமா, ஆமா, உன் பொண்டாட்டி இப்பதான் போன் பண்ணி அழுதா. துறைமுகத்தத் தாண்டினதுமே படகத் திருப்பிட்டீங்களாமே?

...ம்... சரி, நீ மொதல்லருந்து சொல்லு, நான் குறுக்க பேசல...

உன் ஆளு மேக்னஸ் அண்ணன், போன்ல நான் அனுப்பின வார்த்தைய சத்தமா படிச்சாரா? படகுல நின்னுக்கிட்டா?... அடக் கடவுளே... கண்ணாடி போடாம எழுத்துக் கூட்டிக் கூட்டி வேற படிச்சாரா... ம்...

இல்லடா, நான் வேணும்னு அனுப்பல. கேளு... கேளேன்டா. மீன்புடிக்கிற வீட்டுல பொறந்தவ நான், படகுல எந்தப் பேரச் சொன்னா கெட்டது நடக்கும்னு எனக்குத் தெரியாதா? கறுப்பு அங்கிக்காரரு, செவப்பு மீனு, அந்தச் சேத்துல புரள்றது... மூணோட பேரையும் யாருக்கும் அனுப்பாதேன்னு நான் எழுதின கம்ப்யூட்டர் புரோகிராம்ல சொல்லித்தான் வச்சிருந்தேன்.

...ஆமா. ஆனா அந்தச் சேத்துல புரள்றதோட பேரு வந்துருச்சு. ஏன்னா நான் தடுத்தது ஒரே ஒரு மாதிரி எழுதினத மட்டுந்தான். நம்ம ஸ்காட்ஸ் பேச்ச ஊருக்கு ஊரு ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சிருக்கான்ல? ஒரு வார்த்தைய எத்தன மாதிரி எழுதியிருந்தாலும் தேடிப் புடிச்சு, 'இது ரெண்டும் ஒண்ணுதானா'ன்னு உங்க போனுக்கு அனுப்பிக் கேக்கறதுதான் அதுக்கு வேலையே. அது அதோட வேலைய ஒழுங்கா பாத்துருச்சு... ஆமாடா, என் தப்புதான். நான் இல்லன்னே சொல்லலையே. உன் ஆளுங்களையும் இதுல சேத்துவிடுன்னு கெஞ்சினதும் நான்தான்.

...எறங்கிப் போயிட்டாங்களா? ரெண்டு பேருமா?... சரி, போகட்டும். இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருந்துட்டு நாளைக்கு வருவாங்க, எப்பவும் அப்படித்தான... இல்லையா? ஏன்?

...என்னைப் பத்தியா? மேக்னஸ் அண்ணன் என்ன சொன்னாரு?... பரவால்ல, சொல்லு...

...ம்.

ஊர விட்டுப் போனவ, நம்மள வச்சு வேடிக்க பாக்கறான்னு... சரி. வலிக்குது, இல்லங்கல. ஆனா அவருக்கு பயம்டா, வாயில வந்ததச் சொல்லிட்டாரு. அதுக்குப் போயி இத்தன வருஷம் கூட இருந்த மனுஷன என் படகுல கால வைக்காதன்னு சொல்லுவியா? எனக்காக நீ சண்ட போடணும்னு யாருடா கேட்டா?

...அது என்ன சத்தம்?... எஞ்சினா?

அலிக். தனியாவா கெளம்பற?

...டேய், நண்டு புடிக்கிற கூண்டக் கடல்ல எறக்கறப்ப கயிறு காலச் சுத்திச்சுன்னா யாருடா அறுத்து விடுவா?... காத்து இல்ல, தெரியுது. நான் காத்தப் பத்திப் பேசல...

ஒண்ணும் ஆகாதுன்னு யாருக்குக் காட்டணும்? மேக்னஸ் அண்ணனுக்கா?... ஆமா, முன்னாடி நான்தான் சொன்னேன். வெறும் வார்த்தைதான். படகுல சொன்னா ஒண்ணும் ஆயிடாது. நான் அதெல்லாம் நம்பறதே இல்ல...

...என்ன?

...நானா? நான் ஏன் இன்னும் அது பேரச் சொல்லலன்னா...

நீ படகுல நிக்கிறடா. அதான்.

...சிரிக்காத. நம்பறேனா இல்லையான்னு இப்ப கேக்காத... சரி, நம்பறேன். போதுமா? படிச்ச முட்டாள்னே வச்சுக்க. எஞ்சின நிறுத்திட்டு கரைக்கு வா. நான் இப்பவே கார எடுத்துக்கிட்டு நம்ம ஊருக்கு, பிரேசர்பர்க்குக்கே வந்துர்றேன். மேக்னஸ் அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு நானே மன்னிப்புக் கேக்கறேன், அவரு என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்...

...வேணாம்.

வேணாம் அலிக், நீ அந்தப் பேரச் சொல்லாத. எனக்காக எதையும் காட்ட வேணாம். வாயத் தொறக்காத... டேய்...

...

சொல்லிட்டியேடா.

...இரும்பத் தொடு. சிரிக்கறத நிறுத்திட்டு எதாவது இரும்பத் தொடுடா, அந்தப் பேரு காதுல விழுந்தா தோஷம் போக அப்பா தொடுவாருல்ல, அந்த மாதிரி... நங்கூரத்து மேல கைய வை... நான் இங்க மேசையோட இரும்புக் காலப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், ஆபீஸே என்னப் பாக்குது... தொட்டியா?... கேக்கல, விட்டு விட்டுக் கேக்குது... அலிக், தொட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ...

ஹலோ?

...ஹலோ?