ஓர்த்தோனாவில் மைக்கேல்

கப்பல் டெக்கில் குப்புறக் கிடக்கிறேன். இரும்பு சுடுகிறது. காதில் ஙொய் என்று ஒரே இரைச்சல். "மைக்கேலு, படு! படுடா!" கத்துவது நான்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலில் வந்தது சத்தம். டர்ர்ர். மீன்பாடி வண்டிச் சத்தம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வருமே, அந்த மூன்று சக்கர வண்டி. நாங்கள் இருந்ததோ கருங்கடலில், கோதுமைக் கப்பலில். ராயபுரத்துக்காரர்கள் இருவர். நான் ஃபிட்டர். மைக்கேல் என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன்.

"இன்னா மச்சான், நம்மூரு மீன்பாடி வந்துகினு கீது," என்று சிரித்தான். கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான். மற்றவர்கள் ஓடினார்கள். ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் ஓடமாட்டோம், ஓரமாக ஒதுங்குவோம். வந்தது ட்ரோன். கப்பலில் மோதி வெடித்தது.

இறைச்சி வைக்கும் குளிர் அறையில் மைக்கேலின் உடலைக் கிடத்தினோம். கப்பல் இத்தாலிக்குப் போனது. ஓர்த்தோனா. மேட்டின் மேல் ஊர், கீழே துறைமுகம். விளிம்பில் பாதி சரிந்த கோட்டை. பிணத்தை ஊருக்கு அனுப்பக் காகிதம் கேட்டால் கப்பல் ஏஜெண்ட் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். 1943 கிறிஸ்துமஸில் இங்கே வீட்டுச் சுவர்களை உடைத்து உடைத்துச் சண்டை நடந்ததாம். ஊரே தரைமட்டம். திரும்பக் கட்டிவிட்டார்கள். செத்த கனடாச் சிப்பாய்களுக்கு ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது.

பேராலயத்தில் தோமையார் கல்லறை. ஆண்டவரின் காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர், எங்கள் மயிலாப்பூரில் குத்துப்பட்டுச் செத்த அதே தோமையார். எலும்புகள் எங்கெங்கோ சுற்றி இங்கே வந்தனவாம். முழந்தாளிட்டேன். ஜெபம் வரவில்லை. மயிலாப்பூரிலிருந்து இங்கே வர உமக்கு வழி கிடைத்தது, இங்கிருந்து ராயபுரம் போக என் மச்சானுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். கம்பெனி இன்சூரன்ஸைக் கை காட்டியது. இன்சூரன்ஸ்காரர்கள் இது போர்ச் சாவு என்றார்கள். துறைமுகத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

கடைசியில் உடம்பு தாங்காது என்று அங்கேயே புதைத்தார்கள். இத்தாலிச் சாமியார் அவனை "மிக்கேலே" என்று கூப்பிட்டார். ஸ்டெல்லாவுக்கு அடக்கத்தைப் போனில் காட்டினேன். பெட்டி மூடியிருந்தது.

போனவை இவை. கப்பலின் இடது பக்க உயிர்காப்புப் படகு. இரண்டாம் இன்ஜினியரின் வலது கை. என் ஒரு காது. மைக்கேல்.

ஸ்டெல்லா இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. தாலியைக் கழற்றவில்லை.

"மூஞ்ச நான் பாக்கலியேண்ணா. பாக்காம எப்டி நம்பறது?"