நாக்கைத் தூக்கு

மாத்திரை விழுங்குவதில் என் தம்பி சின்ன வயதிலிருந்தே மோசம், டாக்டர். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வான். அவனுக்கு மனச்சிதைவு என்று தெரிந்ததிலிருந்து பதினோரு வருடம், காலையும் மாலையும் "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு" என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தவள் நான். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, இவன் வாயை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

நான் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் மாத்திரை தவறியது. அதைச் சாக்கிட்டு மாதம் ஒரு ஊசி என்று மாற்றினீர்கள். நல்லதுதான். ஆறே மாதத்தில் பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊசி நாளன்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புவான்.

"சிஸ்டருக்கு ரொம்ப லேசான கை, அக்கா. குத்தினதே தெரியல."

"நானும் வரட்டுமா?"

"நீ எதுக்கு? வீட்ல ரெஸ்ட் எடு."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. மாதத்துக்கு இரண்டு நிமிடம் பார்க்கிறவள் சிஸ்டர், நான் ரெஸ்ட் எடுக்க வேண்டியவள்.

அந்த நர்ஸுக்குப் போன் செய்து, வெளியூர் போகிறோம், ஊசியை அங்கேயே போட்டுக்கொள்கிறோம் என்றேன். தம்பியிடம், டாக்டர் மறுபடி மாத்திரைக்கே மாற்றிவிட்டார் என்றேன். நம்பினான். சமர்த்தாக நாக்கைத் தூக்கினான். நான் கொடுத்தது கால்சியம் மாத்திரை. பழைய மாத்திரை டப்பா நிறைய இருந்தது. அதைக் கொடுத்தால் தலை தெளிவாகவே இருந்து, மறுபடி அவளைக் கேட்பானே.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஊசி மருந்து லேசில் உடம்பை விடுவதில்லை. நாலாம் மாதம் சுவரோடு பேச ஆரம்பித்தான். வேலை போயிற்று. ஒரு மத்தியானம், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தான். இனி நடக்க மாட்டான் என்கிறீர்கள். சரி, அவன் எங்கே போக வேண்டியிருக்கிறது?

ஊசிக்கு வியாதி கேட்கவில்லை என்று ஃபைலில் எழுதி, மருந்தைக் கூட்டப் போகிறீர்களாமே. அவன் உடம்பு தாங்காது. அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவன்மேல் அக்கறை உள்ளவள் நான் ஒருத்திதான்.

வார்டில் இப்போது நானே ஊட்டுகிறேன். ஸ்பூனைக் கண்டதும், நான் சொல்லாமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்குகிறான். விழுங்கியபின் என் முகத்தைப் பார்த்து "சிஸ்டர்" என்கிறான்.

சிஸ்டர் என்றாலும் அக்காதானே, டாக்டர்.