ஆட்டின் பெயரில் போன எட்டுப் பெட்டிகள்

என் பெயர் ஷெர்னெல் மாக்லுவார். வயது பதினேழு. டொமினிக்கா தீவு, போர்ட்ஸ்மத் ஊர், படகுத்துறைக்கு எதிர்ச் சந்தில் பச்சைக் கதவு வீட்டில் வசிக்கிறேன். பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறேன். நடத்தைச் சான்றிதழ் கேட்கப்படவில்லை, அதற்கு நன்றி. எனக்கு வயது நிரம்பாததால் என் தாயார் எர்மின் மாக்லுவார், காய்கறி ஏற்றுமதி வியாபாரி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தான் துணைக்கு வந்தவர், பேச வந்தவர் அல்ல என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

இன்று திங்கட்கிழமை. நான் இந்தச் சுங்க அலுவலகத்தின் படியில் வந்து உட்கார்ந்தது காலை ஏழு நாற்பதுக்கு, கதவு திறந்தது எட்டுக்கு. இரண்டு நேரத்தையும் எழுதும்படி அதிகாரி மிஸ் வாலரியிடம் கேட்டுக்கொண்டேன். எட்டு மட்டும் எழுதப்பட்டது. அதிகாரியின் மேசை ஓரத்தில் என் தாய்மாமா ஃபிட்ஸ்ராய் லாரோண்ட் பெயர் எழுதிய பழுப்பு உறை ஒன்று ஒட்டித் தயாராக இருந்தது. அது இன்னும் அவர் கைக்குப் போகவில்லை என்பதையும் எழுதும்படி கேட்டேன். அது எழுதப்பட்டது.

என் மாமா "லேடி கான்ஸ்டன்ஸ்" என்ற மரப்படகின் கேப்டன். செவ்வாய்தோறும் எட்டு வியாபாரிப் பெண்களின் வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பூசணி, ஆரஞ்சு எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு ஆன்டிகுவாவுக்குப் போவார். ஒவ்வொருவரும் தன் பெட்டியில் தன் நிறத் துணிக் கிழிசலைக் கட்டுவார். என் அம்மாவுடையது சிவப்பு. யாருடைய பெட்டி எத்தனை என்று கேப்டன் சரக்குப் பட்டியல் கொடுத்த பிறகுதான் படகு கிளம்பலாம். முன்பு தாளில் கொடுத்தார்கள். இந்த ஜனவரியிலிருந்து கணினி வழியாக அனுப்ப வேண்டும், சென்ற வாரம் முதல் போய் இறங்கும் துறையிலும் எண்ணிப் பார்ப்பார்கள், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் கேப்டன் மீது நடவடிக்கை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மாமாவுக்கு அலையைப் படிக்கத் தெரியும், திரையைப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர் பெயரில் நான் பட்டியலை அடித்து அனுப்பிவந்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வியாபாரியும் தன் பெட்டிகளுக்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றுவார். அதற்குக் கடல் பெட்டி என்று பெயர். வழியில் எந்தப் பெட்டியாவது நனைந்தாலோ நசுங்கினாலோ அதற்குப் பதிலாக இது. மிஞ்சினால் அங்கே இறக்க உதவுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், விற்கமாட்டார்கள். கடல் பெட்டியை எண்ணக்கூடாது, எண்ணிக்கையை வாயால் சொல்லக்கூடாது, எழுதவே கூடாது. எண்ணினால் கடல் எடுத்துக்கொள்ளும் என்பது இவர்கள் நம்பிக்கை. ஆகவே அது ஒருநாளும் எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை. அம்மா இப்போது என் காலை மிதிக்கிறார். ஆனாலும் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை துறையில் வைத்து மாமா என்னிடம், "இருநூத்தி ஆறுன்னு அடி" என்றார். படகில் இருந்தது இருநூற்றுப் பதினான்கு. நான் எட்டு விரலைக் காட்டினேன். அவர் தன் உதட்டில் ஒரு விரலை வைத்தார். அதன் பிறகு அவர் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார். ஆன்டிகுவாவில் எண்ணினால் எட்டு கூடுதலாக இருக்கும், மாமா மாட்டுவார் என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே அந்த எட்டையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். ஆனால் ஏற்றுமதியாளர் பெயர் இல்லாத வரியைக் கணினி ஏற்கவில்லை. துறைக் காவலாளி கத்பர்ட்டின் ஆடு அப்போது என் பக்கத்தில் நின்று ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் பபெட். நான் "மதாம் பபெட்" என்று அடித்தேன். அதன் பிறகு கணினி ஏற்றுமதியாளர் எண் கேட்டது. ஆட்டுக்கு எண் இல்லை. ஆகவே படகின் பதிவு எண்ணை அடித்தேன். கணினி நன்றி சொன்னது.

"இது உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று அதிகாரி இப்போது கேட்டார். இல்லை என்றேன். அவருக்குத்தான் சிரிப்பு வந்தது போலிருந்தது, ஆனால் அது என் வாக்குமூலத்தில் சேராது.

அதன் பிறகு மாமா பட்டியலில் கையெழுத்துப் போட வந்தார். "எல்லாம் சரியா இருக்காடி?" என்று கேட்டார். "ஒண்ணும் குறையல மாமா, எட்டு கூடத்தான் போகுது. புது வியாபாரி சேர்ந்திருக்காங்க, நாலு காலு, தாடிகூட உண்டு" என்றேன். மாமா சிரித்துவிட்டு, என் தலையில் தட்டிவிட்டு, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் நான் எப்போதும் இப்படியே பேசுவதால் எது நிஜம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் தெரிந்து செய்தார் என்று யாராவது எழுதினால் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எழுதட்டும்.

புதன்கிழமை ஆன்டிகுவாவில் எண்ணிக்கை சரியாக இருந்தது. அலை சாதுவாக இருந்ததால் ஒரு பெட்டியும் நசுங்கவில்லை, ஆகவே கடல் பெட்டி எட்டும் முழுதாக மிஞ்சின. மாமா வழக்கம்போல் அவற்றை இறக்க உதவியவர்களுக்குக் கொடுக்கப் போனபோது அங்குள்ள அதிகாரி, இவை மதாம் பபெட் என்பவருடைய சரக்காயிற்றே, நீங்கள் எப்படிக் கொடுக்கலாம் என்று நிறுத்தினார். அதன் பிறகு அந்தப் பெயரைப் பதிவேட்டில் தேடினார்கள், இல்லை. எண்ணைத் தேடினார்கள், அது படகின் எண். கேப்டனே, இல்லாத ஒரு ஆளின் பெயரில் சரக்கு கடத்துகிறார் என்று எழுதி இங்கே அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை படகு திரும்பியதும் மிஸ் வாலரி துறைக்கு வந்து, படகு அங்கேயே நிற்கட்டும், விளக்கம் கேட்டுத் திங்கட்கிழமை கடிதம் புறப்படும் என்றார். அது எதில் போய் முடியும் என்று மாமா கேட்டார். "தப்புன்னா அபராதம். ஏமாத்துன்னா படகு" என்று அவர் சொன்னார். கடிதம் கைக்கு வருமுன் தாங்களாக வந்து திருத்தினால் அது தவறு, வந்த பிறகு திருத்தினால் அது ஏமாற்று, திருத்தும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய ஏற்றுமதியாளர் தன் வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெட்டி கேப்டனுடையதாகவே கொள்ளப்படும் என்றும் சொன்னார். நான் கத்பர்ட்டின் கொட்டகைக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். பபெட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நண்டு போட்ட கீரைச் சாறு வைத்திருந்தார்கள், அவர் தொடவில்லை. நான் செய்ததை எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "மதாம் பபெட் யாருன்னு கேட்டா, மலைமேல இருக்கிற ஒரு அம்மா, கீழ எறங்குறதே இல்லன்னு சொல்லிடறேன்" என்றார். "கூட்டிட்டு வான்னு சொன்னா? ஆடு சம்மனையும் தின்னுடும் மாமா" என்றேன். "அப்ப நாந்தான் அடிச்சேன்னு சொல்றேன். நீ சின்னப் புள்ள, பரீட்சை இருக்கு. வாய மூடு" என்றார். என்னால் மூட முடியாத ஒரே பொருள் அது என்று அவருக்கே தெரியும்.

அதன் பிறகு நான் மற்ற ஏழு வியாபாரிகளின் வீட்டுக்கும் நடந்தே போனேன். நாளைக் காலை எட்டு மணிக்குச் சுங்க அலுவலகத்தில் உங்கள் கடல் பெட்டியை உங்கள் வாயால் ஒன்று என்று சொல்ல வேண்டும் என்றேன். நான் விளையாட வந்திருக்கிறேன் என்று மூன்று பேர் கதவைச் சாத்தினார்கள். நான் வாசலிலேயே நின்று மறுபடி தட்டினேன். மூன்றாவது தட்டில் திறந்தார்கள். எல்லோரிலும் மூத்தவரான மா ஃபிலோ சன்னலிலிருந்தே பேசினார். "எண்ணுனா போயிடும்டி. எங்க மாமியா ஒரு தடவ எண்ணினா. பாதிப் பூசணி தண்ணியில." நான், "எண்ணலன்னா படகே போயிடும் மா. அப்புறம் பூசணிய நீந்தவிட்டுத்தான் அனுப்பணும்" என்றேன். அவர் சன்னலை மூடினார். பிறகு திறந்து, இரண்டு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு மறுபடி மூடினார். ஒருவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். பானை சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை நான் படியில் உட்கார்ந்திருந்தபோது ஒருவரும் இல்லை. ஏழு ஐம்பதுக்கு அம்மா மட்டும் வந்தார்.

அந்த எட்டுப் பெட்டிகள் யாருடையவை என்று அதிகாரி என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல வேண்டியது நான் அல்ல என்றேன். அப்படியானால் அவை கேப்டனுடையவை என்று எழுத நேரிடும் என்றார். எழுத வேண்டாம், நான் காத்திருக்கிறேன், கதவை மூடும்வரை காத்திருப்பேன், நாளையும் வருவேன் என்றேன். இந்த அலுவலகத்துக்கு என்னோடு பொழுது போவது கஷ்டம் என்றும் சொன்னேன். அப்போது தபால் எடுப்பவர் வந்து மேசையில் இருந்த உறைகளை எடுத்தார். பழுப்பு உறையின் மேல் அதிகாரியின் கை இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. தபால்காரர் மற்றவற்றோடு போனார்.

அந்த நேரத்தில், பேச வரவில்லை என்று சொன்ன என் அம்மா தன் கைப்பையைத் திறந்து சிவப்புத் துணிக் கிழிசலை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒண்ணு" என்றார். "என்னோடது. வாழக்காய்." இன்னொரு முறையும் சொன்னார். அவர் அந்த எண்ணைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே சுவர் நிழலில் ஏழு பேரும் நின்றிருந்தார்கள், எட்டு மணியிலிருந்தே நின்றிருக்கிறார்கள், யார் முதலில் சொல்வது என்று தெரியாமல். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து ஒன்று, ஒன்று என்று சொன்னார்கள். யாரும் கூட்டவில்லை. மா ஃபிலோ மட்டும் கடைசிவரை எண்ணைச் சொல்ல மறுத்து, தன் மஞ்சள் துணியை மேசைமேல் வைத்துவிட்டு அதிகாரியை முறைத்தார். "எண்ணிக்க" என்றார். அது போதும் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். கேப்டனின் வரியில் "தவறு" என்ற சொல் எழுதப்பட்டதை நான் தலைகீழாகவே படித்தேன்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்குப் படித்துக்காட்டினார். மதாம் பபெட் வரும் இடத்திலெல்லாம் ஆடு என்று சேர்க்கச் சொன்னேன், ஒருமுறை போதும் என்றார். நான் விளையாடிய இடத்தை விளையாட்டு என்றே சொல்லியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அபராதம் எவ்வளவு ஆனாலும் அதை மாமா பெயரில் அல்ல, என் பெயரில் எழுதும்படி கேட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமல் நானாக வந்து, முழுவதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

ஷெர்னெல் மாக்லுவார்
நேரம்: காலை 8.55