மூன்று சுற்று நூல்

கடல் இன்றைக்கு நிற்கிற இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம் உள்ளே நின்ற காலம். சிப்பித்துறைக் கோவிலுக்கு அப்போது ஓலைக்கூரைதான். அந்த ஊரில் கயித்தான் என்று ஒருவன் இருந்தானாம். வலை கட்டுவதில் கைகாரன். கிழிந்த வலையைக் கையில் எடுத்தால் போதும், இது யார் வீட்டு முடிச்சு, நிதானமாகப் போட்டதா, கோபத்தில் போட்டதா என்று சொல்லிவிடுவானாம்.

அந்தக் கோவிலில் ஒரு வெள்ளிப் பேழை இருந்தது. உள்ளங்கை அகலம். அதற்குள் செபஸ்தியாரின் திருப்பண்டம், அவருடைய எலும்பில் ஒரு நெல்லளவு துண்டு, இருக்கிறது என்பார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. பேழையைச் சுற்றிச் சிவப்புப் பட்டு நூல். நூலின் இரண்டு நுனியும் சேருகிற இடத்தில், மூடிக்கு மேலே, அரக்கு முத்திரை. கூடவே இலத்தீனில் ஒரு காகிதம். கடல் தாண்டிய ஊரில் சாமியார்களுக்குத் தலைவரான மேற்றிராணியார் ஒருவர், 'இது மெய்யானது, நானே பார்த்து முத்திரை வைத்தேன்' என்று எழுதிக் கொடுத்தது. திருநாள்தோறும் பங்குச் சாமியார் அந்தக் காகிதத்தையும் முத்திரையையும் ஒத்துப் பார்ப்பார். "மெய்தான்" என்பார். சனம் வரிசையில் வந்து பேழைமேல் உதடு வைத்து முத்தி செய்யும்.

வழக்கு வந்தாலும் அந்தப் பேழைதான். தொட்டுச் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. செய்ய மறுத்தவனுக்குக் கடல் விலக்கு. அவன் கட்டுமரத்தைக் கடலில் தள்ளிவிட ஒரு கை வராது.

ஒருநாள், கரையில் காயப்போட்டிருந்த பிலவேந்திரனின் புது வலை நடுவில் அறுந்து கிடந்தது. முந்தின வாரம்தான் வலை போடும் இடத்துக்காக அவனும் கயித்தானும் கட்டிப் புரண்டிருந்தார்கள். "அவன்தான்" என்றான் பிலவேந்திரன். "வலை கட்டுறவனுக்குத்தான் எங்க அறுத்தா வலை சாகும்னு தெரியும்." ஊரும் ஆமாம் என்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. உபதேசியார் இஞ்ஞாசி பேழையைக் கொண்டுவந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கயித்தான் வலையை அறுக்கவில்லை. அதனால் பயம் இல்லாமல் வந்தான். பேழையை இடது உள்ளங்கையில் வாங்கினான். வலது கையை மேலே வைக்கப்போனான். அப்போது அடியில் இருந்த விரலில் ஏதோ இடறியதாம். பயறு அளவுகூட இல்லை. ஒரு புடைப்பு.

திருப்பிப் பார்த்தான். எல்லாரும் முத்திரையைப் பார்ப்பார்கள். அவன் முடிச்சைப் பார்த்தான். அறுந்த நூலை வலைக்காரர்கள் ஒட்டுப் போடுகிற முடிச்சு அது. அதுவும் சுழி மாறிக் கிடந்தது. இடக்கை முடிச்சு. சிப்பித்துறையில் இடக்கையால் முடிச்சுப் போடுகிற ஆள் ஒருத்திதான். அவன் பெண்சாதி வியாகுலம்.

தொட்டுச் சொல்லிவிட்டால் அவனும் தப்பிப்பான், அவளும் தப்பிப்பாள். ஆனால் எதைத் தொட்டுச் சொல்வது? உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை?

"என்னல முழிக்கிற?" என்றார் உபதேசியார்.

கயித்தான் சாமியார் பக்கம் திரும்பினான். "சாமி, நூலைப் பத்திக் காகிதத்துல என்ன போட்டிருக்கு?"

பிலவேந்திரன் சிரித்தான். "வேர்க்குது பாருங்க சாமி அவனுக்கு! சண்டை போட்டப்ப இல்லாத வேர்வை. மறுக்கான்னு எழுதிக்கிடுங்க."

"நான் மறுக்கல வே. காகிதத்தை வாசிக்கச் சொல்லுதேன்."

சாமியார் வாசித்தார். 'சிவப்புப் பட்டு நூல், மூன்று சுற்று' என்று இருந்தது. பேழையை வாங்கி எண்ணினார். இரண்டு. விரல் வைத்து மறுபடி எண்ணினார். இரண்டேதான். அறுத்து ஒட்டினதில் ஒரு சுற்று குறைந்திருந்தது. போன திருநாளிலும் 'மெய்தான்' என்று சொன்னவர் அவர்.

"யார் முடிச்சு இது, கயித்தான்? உனக்குத் தெரியாம இருக்காது."

கயித்தான் பெண்கள் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவனே திறந்திருப்பான்," என்றான் பிலவேந்திரன். "வலையை அறுத்தவனுக்கு நூலை அறுக்கத் தெரியாதா?"

கூட்டம் நெருங்கி வந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அவுகளை விடுங்க. அது என் கை." வியாகுலம் இடக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

சாமியார் முடிச்சை அவிழ்த்துப் பேழையைத் திறந்தார். உள்ளே பழுப்பேறிய பஞ்சு. வேறு ஒன்றும் இல்லை.

ஒரு கிழவர் அழவே ஆரம்பித்துவிட்டாராம். "அப்ப எங்கப்பன் தொட்டுச் சொன்னது? நான் தொட்டுச் சொன்னது? அதெல்லாம் வெறும் பஞ்சுமேலயா?"

"எலும்பு எங்க தாயி?" என்றார் சாமியார்.

வியாகுலம் அந்தக் கிழவரைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். "போன தபசு காலத்துல என் பிள்ளை செசிலி காய்ச்சல்ல கிடந்தா. பேழை இருக்கிற பீடத்துத் துணி வெளுக்க என் முறை வந்துச்சு. ரெண்டு நாள் பிள்ளைக்குக் கட்டிட்டுத் திரும்ப வச்சிரலாம்னு எடுத்தேன். அவ போயிட்டா. அது அவ கழுத்துல இருக்கு. அவகூட மண்ணுல இருக்கு."

"தோண்டிப் பாத்துருவோம்," என்றது ஒரு குரல்.

"என் பிள்ளை மேல மம்பட்டி வைக்கிறவன் முதல்ல என் மேல வைக்கட்டும்," என்றான் கயித்தான்.

அப்போதிருந்த மேற்றிராணியாருக்குக் கடிதம் போனது. குழியைத் தோண்டக் கூடாது, காலிப் பேழையை முத்தி செய்யக் கொடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. வியாகுலத்துக்கு நாற்பது நாள் கோவில் வாசலில் முழங்கால் தவம். பிலவேந்திரன் தானாக வந்து சொன்னானாம்: "காலிப் பெட்டியைத் தொட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். நீ போகல. என் வலையைச் சுறா வெட்டுச்சுன்னு வச்சுக்கிடுதேன்."

கயித்தான் மரத்தைத் தள்ளிவிட அன்றே ஆள் வந்தது.

அதனால்தான் இன்றைக்கும் சிப்பித்துறைத் திருநாளில் சப்பரம் கல்லறைத் தோட்டத்துக்குள் போய், ஒரு சின்னச் சிலுவைக்கு முன்னால் இறங்கும். ஊரில் சத்தியம் என்றால் அந்தச் சிலுவையைத் தொட்டுத்தான். செசிலிச் சிலுவை என்று பெயர்.

எல்லாரும் தொடுவார்கள். கயித்தான் வழி வந்தவர்கள் மட்டும் தொடமாட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க வார்த்தை போதும்" என்பார்கள். அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். கயித்தான் படுக்கையில் கிடந்த காலத்தில், வியாகுலத்தை அடக்கம் செய்து வருசங்கள் ஆன பிறகு, மகன் சந்தியாகுவை அருகில் கூப்பிட்டானாம்.

"உங்கக்கா செசிலியைக் குளிப்பாட்டிப் பெட்டியில வச்சது நான்தான்ல. அவ கழுத்துல ஒண்ணும் இல்ல."

"அம்மாட்ட கேக்கலியாப்பா?"

"கேக்கல," என்றானாம் கயித்தான்.