முதல் ஆட்டக்காரர்

கிளப் அலுவலகத்தின் தகரக் கூரை மேல் ‘டமார்’ என்று ஏதோ விழுந்தது. விழுந்தது கடகடவென்று உருண்டு, மழைநீர்க் குழாய் வழியாக இறங்கி, வாசல் படியில் வந்து நின்றது. ஒரு கோல்ஃப் பந்து. வெளியே பயிற்சி செய்துகொண்டிருந்த பேக்கரிக்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார். கிளப்பின் செயலாளர், ‘பரவாயில்லை’ என்று அவருக்குக் கையை ஆட்டிவிட்டு, டெலிபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். எதிரே நின்ற அவள் கணவர், கிழக்கு அணியின் கேப்டன், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மணி நாலே கால்.

“ஹலோ... ஹலோ, அண்ணே? நான்தான்... ஒண்ணும் இடிஞ்சு விழல. பந்து. நம்ம பேக்கரிக்காரரு கூரையைப் பதம் பாத்துட்டாரு... ஆமா, அவரேதான். நேரா அடிக்க வேண்டியதைப் பக்கவாட்டுல அடிக்கிறாரு. சனிக்கிழமைப் போட்டிக்குப் பயிற்சியாம்... ஆமாம், ஆமாம்... ஒரு வாரமா அவரு கடையில ரொட்டி கூட கோணலாத்தான் வருது.

சரி, அதை விடு. கடையில தனியா இருக்கியா?... கண் டெஸ்ட் நடக்குதா? யாருக்கு?... பஸ் டிரைவருக்கா? அப்ப அவசரப்படாதண்ணே, நிதானமாவே பண்ணு... இல்ல, நான் லைன்லயே இருக்கேன். அவரை அந்தக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிட்டு வா. ஒரு சின்ன விஷயம்... ம், சின்னதுதான்.”

‘சின்னதா?’ என்று கேப்டன் புருவத்தை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்காமல் மேசை மேலிருந்த பட்டியலைப் பார்த்தாள்.

பட்டியல் அவள் தயாரித்ததுதான். பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக ரேங்க் லிஸ்ட் போட்டுப் பழகிய கை. பெரிய மார்க் மேலே, சின்ன மார்க் கீழே. கிளப்பின் செயலாளராக இதுதான் முதல் வருஷம். கிழக்கு, மேற்கு என்று இரண்டு வட்டாரத்துக்காரர்களும் வருஷத்துக்கு ஒருமுறை அணிக்கு எட்டுப் பேராக மோதும் நட்புப் போட்டி அது. முதல் ஆளோடு முதல் ஆள், கடைசி ஆளோடு கடைசி ஆள். கணவர் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் எட்டுப் பெயர்களையும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஹேண்டிகேப் எண்ணையும் எழுதிக் கொடுத்து, “வரிசைப்படி அனுப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வரிசைப்படி அனுப்பினாள். பெரிய எண் மேலே.

கோல்ஃபில் ஹேண்டிகேப் எண் சின்னதாக இருந்தால்தான் நல்ல ஆட்டக்காரர் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆக, இருபத்தேழு வைத்திருந்த அவள் அண்ணன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், முதல் ஆட்டக்காரர் ஆனார். ஆறு வைத்திருந்த கேப்டன் எட்டாவது ஆள் ஆனார். மேற்கு அணிக்கும், இந்த எட்டுப் பேருக்கும் கடிதம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. அணியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இது கேப்டனின் ரகசியத் திட்டம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்களாம். பேக்கரிக்காரர், அதை வெளியே சொல்லக்கூடாது என்று தன் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கேப்டன் இன்று மதியம் ஊரிலிருந்து திரும்பி, பட்டியலில் தன் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டே வந்து, கடைசி வரியில் கண்டுபிடித்தார். திருத்தம் இருந்தால் ஐந்து மணிக்குள் மேற்கு அணிக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்ல வேண்டும். தப்புச் செய்தவள்தான் சொல்ல வேண்டும்.

“ம், வந்துட்டியா?... அதாவது அண்ணே, சனிக்கிழமை லிஸ்ட் இருக்குல்ல... ஆமா, முதல் பேரு உன் பேருதான். அதைப் பத்தித்தான் நான்... என்னது?... என்ன போர்டு?... என்ன எழுதியிருக்க, படி பாப்போம்... ‘கிழக்கு அணியின் முதல் ஆட்டக்காரர் போட்டிக்குச் செல்வதால் சனிக்கிழமை கடை விடுமுறை.’... கதவுலயே ஒட்டிட்டியா?... எவ்வளவு பெரிய எழுத்து?... கண் டெஸ்ட் பலகையில மேல் வரி எழுத்து சைஸா? அப்ப எதிர்ச் சாரியில கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியும்.”

அவள் டெலிபோனைக் கையால் மூடி, போர்டு விஷயத்தைக் கணவரிடம் கிசுகிசுத்தாள். அவர் நாற்காலியைத் தேடாமல் அப்படியே அலமாரியில் சாய்ந்துகொண்டார்.

“இல்ல, இங்கதான் இருக்கேன். சொல்லு... ஷூவா? புதுசா?... வெள்ளையா? புல்லுல வெள்ளை ஷூ போட்டா அண்ணி துவைக்க மாட்டேன்னு சொல்லலையா?... அண்ணியே வாங்கிக் கொடுத்தாங்களா... ம்... அண்ணி உனக்கு ஒரு பொருள் வாங்கிக் கொடுத்து எத்தனை வருஷமாச்சு... சரி, சரி, நான் கேக்கல.

அண்ணே, எதிர்ல ஆடப்போறது யாருன்னாவது தெரியுமா உனக்கு?... ஆமா, பல் டாக்டரம்மாதான். ஹேண்டிகேப் மூணு. அந்த வட்டாரத்துலயே பெரிய ஆளாம்... அவங்ககிட்டயா பல் அடைச்ச? எப்ப?... போன வாரமா?... அவங்ககிட்டப் போயா, ‘உங்களை ஜெயிக்கப் போறேன்’னு சொன்ன? அதுவும் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு?... அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?... ‘சனிக்கிழமை பாத்துக்கலாம்’னுட்டு மெஷினை ஆன் பண்ணிட்டாங்களா...”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சொல்ல முடியாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேப்டன் ஒரு துண்டுச் சீட்டில் ‘சொல்லு’ என்று எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் திருப்பி வைத்தாள். இன்னொரு சீட்டு வந்தது. ‘இப்பவே’.

“அண்ணே... குறுக்க பேசாம ஒரு நிமிஷம் கேளு... இல்ல, உங்க மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு. பக்கத்துலதான் நிக்கிறாரு. சீட்டு எழுதிக்கிட்டிருக்காரு... அவரு கோவமா இல்ல... கொஞ்சம்தான்... கேளு. எங்க ஸ்கூல்ல ரேங்க் லிஸ்ட் போடுறப்ப பெரிய நம்பரைத்தான் மேல போடுவோம்... ஆமா... ஆமா, தொண்ணூத்தெட்டு மேல, முப்பத்தஞ்சு கீழ... ஆமாண்ணே, அதையேதான் நான் இங்கயும்... என்ன?

என்ன சொன்ன?

உனக்குத் தெரியுமா?”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். டெலிபோன் ஒயரில் மாட்டிய பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. கேப்டன் பேனாக்களைப் பொறுக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

“எப்பலேருந்து?... கவரைப் பிரிச்சதுமேவா?... அதுவும் சரிதான், பதினோரு வருஷமா இதுல கிடக்குறவனுக்குத் தெரியாதா... கடைசியில இவரு பேரைப் பாத்ததும் சிரிப்பு தாங்கலையா?... அண்ணிக்கும் தெரியுமா?... அண்ணிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டியா. அப்புறம் எதுக்குண்ணே இந்தப் போர்டு, ஷூ எல்லாம்?”

இதற்கு அண்ணன் சொன்ன பதில் நீளமாக இருந்தது. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“ம்... ம்... ஆமா, பதினோரு வருஷமும் ரிசர்வ்தான்... தெரியும், தண்ணி பாட்டிலும் குடையும் உன் கையிலதான் இருக்கும்... இந்த வருஷம் ஒருத்தர் வேலை மாறிப் போனதாலதானே எட்டாவது ஆளா உன்னைச் சேத்தாங்க... ம்... கடைக்கு வந்தவங்க எல்லாம் கை குடுத்தாங்களா... உன் மாமனாரு கூடவா?... அவரு உன்னைப் பாத்து நின்னு பேசினதே இப்பத்தான் முதல் தடவையா... ம்.

ரெண்டு வாரம் முதல் ஆளா இருந்து பாத்தாச்சு, போதும்ங்கறியா.”

கேப்டன் கைக்கடிகாரத்தைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

“நீயே போன் பண்றதா இருந்தியா? இன்னிக்கா? என்னன்னு?... முட்டி வலியா? எந்த முட்டி?... இன்னும் முடிவு பண்ணலையா... முட்டி வலி, முதல்ல ஆட முடியாது, என்னைக் கடைசியில போட்டு மத்தவங்களை மாத்திக்குங்கன்னு... அதுக்கு எதுக்குண்ணே பொய் சொல்லணும்? தப்பு என்னுதுதானே... யாருக்குத் தெரிஞ்சா என்ன?... இல்ல, நான் ஒண்ணும் அழல. பேனா கீழ விழுந்துடுச்சு, குனிஞ்சு எடுத்தேன்... செயலாளரான முதல் வருஷமே என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு உன் முட்டியைக் கெடுத்துக்கிறியா... ஆமா... ஆமாம், நல்ல அண்ணன்தான், யாரு இல்லைன்னா.”

கேப்டன் அலமாரியைத் திறந்தார். போட்டி விதிகள் அச்சடித்த தாளை எடுத்து மேசையில் விரித்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். அவள் அதைப் படித்தாள்.

“இரு, உங்க மாப்பிள்ளை விதியைக் காட்டுறாரு. ஏழாவது விதி... ‘ஆட்டக்காரர்கள் திறமையின் வரிசைப்படியே களமிறங்க வேண்டும்.’... ஆமா, அதனாலதான் லிஸ்ட்டை இப்படியே விட முடியாது... உனக்கும் அது தெரியுமா. எல்லாந்தான் தெரியுது உனக்கு. இரு, இன்னும் ஒரு வரி இருக்கு... விரலை எடுங்க, தெரியல... ‘கேப்டன் மட்டும் தாம் விரும்பும் இடத்தில் இறங்கலாம்.’... ஆமா, இவரு ரெண்டாவதுலயும் இறங்கலாம், எட்டாவதுலயும் இறங்கலாம். இப்ப எதுக்கு அதைக் காட்டுறாருன்னு எனக்கும் புரியல.”

கேப்டன் திருத்தப் படிவத்தை எடுத்தார். நின்றபடியே எழுதினார். மேற்கு அணிக்கு அனுப்ப வேண்டிய படிவம். ஏழு பெயர்கள் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை சரியாக வரிசையில் நின்றன. இரண்டாவது இடத்தில் அவர் பெயர். முதல் இடத்தை மட்டும் கடைசியாக நிரப்பினார். பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் திருப்பிவிட்டு, பேக்கரிக்காரர் பந்து தேடுவதை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

“அண்ணே... லைன்ல இருக்கியா?... பஸ் டிரைவரு கிடக்கட்டும், அவரு எந்த வரியைப் படிச்சாலும் சரின்னு சொல்லாத, அது வேற ஆபத்து. இதைக் கேளு. போர்டைக் கிழிக்காத... சொன்னாக் கேளு, கிழிக்காத. முதல் ஆட்டக்காரரு நீதான்... விதி இடம் குடுக்குது. கேப்டன் எந்த இடத்துலயும் இறங்கலாம்... இவரு இல்ல. கேப்டன் நீ.

ஹலோ?... ஹலோ?... ஆமா, நீதான். இவரே கைப்பட எழுதி, கையெழுத்தும் போட்டுட்டாரு... நான் ஒரு வார்த்தை சொல்லல. நான் கேட்டிருந்தா செஞ்சிருப்பாரா, உனக்குத் தெரியாதா இவரை?... ஆறு வருஷம் இவருதான், ஆமா. மூணு வருஷமா தொடர்ந்து தோத்தோம், அதுவும் ஆமா. கேப்டனை மாத்திப் பாத்தா என்ன கெட்டுப் போச்சு?... அப்படிச் சொல்லாதண்ணே, முட்டியைப் பத்தி இனிமே பேசாத.

ஜெயிக்க முடியாதுன்னு யாரு சொன்னா? நம்பரை மேலயா கீழயா போடணும்னுதான் எனக்குத் தெரியல, கணக்கு எனக்கு வரும். இந்த விதித் தாள்லயே போட்டிருக்கு, எழுதிக்கோ. உன் இருபத்தேழுல டாக்டரம்மா மூணு போச்சுன்னா இருபத்துநாலு. அத்தனை அடி நீ கூடுதலா அடிச்சாலும் அவங்க உனக்கு விட்டுக் குடுத்தாகணும். மொத்தம் பதினெட்டுக் குழி. குழிக்கு ஒரு அடி. மிச்சம் ஆறு. கஷ்டமான ஆறு குழிக்கு ரெண்டு ரெண்டு அடி. அவங்க நாலு அடியில போடுற குழியை நீ அஞ்சுல போட்டாலே சமம்... கஷ்டமான குழின்னா ஆறு அடியிலயும் சமம்... இவரு தலையை ஆட்டுறாரு, சரியாத்தான் சொல்றேனாம்... பாத்தியா, நடக்கக் கூடியதுதான். அந்தக் கஷ்டமான குழியை நீ ஆறு அடியில போட்டதே இல்லையா?... மூணு தடவையா? எப்ப?... ஒரே நாள்லயா? அப்ப அந்த நாளை சனிக்கிழமைக்கு மாத்திக்கோ.

சரி, மணி நாலே முக்காலு. நான் மேற்குக்காரங்களுக்குப் போன் பண்ணணும். நீ அந்த டிரைவரை கவனி... என்ன?... இவருகிட்டயா? பேசறியா?... வேண்டாமா? என்ன, வெக்கமா?... சரி, நானே சொல்றேன். சொல்லு... ம்... ம்... நிஜமாவா?... அப்படியே சொல்லவா?... ம்... சரி, ஒரு வார்த்தை கூட மாத்த மாட்டேன். வெச்சுடறேன்.”

அவள் டெலிபோனை வைத்தாள். கேப்டனாக இருந்தவர் ஜன்னலை விட்டுத் திரும்பி, மச்சான் என்ன சொன்னார் என்று கேட்கிற முகத்தோடு நின்றார்.

“என்னங்க, கேப்டன் உங்களை நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னாரு. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலும் ரிசர்வ்ல உக்கார வெச்சிடுவாராம்.”